கொக்கியால் மூன்று தட்டு

ராயபுரம்
4-2-1971

அன்புத் தோஸ்து திருமலைக்கு,

நீயும் பவுனம்மாளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு இன்னாசி எழுதுவது. பொங்கலுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லையே. தூத்துக்குடிக்குப் போனதும் ராயபுரம் மறந்துபோச்சா?

சேதி கேள். சுப்புராஜ் மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். நம்ம ஹார்பர் கேங்குக்கு இப்போது நான்தான் மேஸ்திரி. சிரிக்காதே. என் வீட்டுக்காரி எல்சி சிரித்ததே போதும்.

ஆனால் பயல்கள் வாயைத் திறப்பதில்லை. சுப்புராஜ் போட்ட சத்தம் இன்னும் அவர்கள் காதிலேயே இருக்கிறது. போன மாதம் தூக்குக் கயிறு நைந்திருந்ததைப் பரசுராமன் பார்த்திருக்கிறான், சொல்லவில்லை. கயிறு அறுந்து கோதுமை மூட்டைகள் கடலில் விழுந்தன. கேட்டால், "சொன்னா, நீதான் அத்த கெடுத்தியான்னு கேப்பாங்கோ. இன்னாத்துக்கு பேஜாரு?" என்கிறான்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கைக்கொக்கியால் இரும்பில் மூன்று தட்டு. மூட்டை தூக்கும் வின்ச் உடனே நிற்கும். ஏன் தட்டினாய் என்று யாரும் திட்டக்கூடாது. சொல்லிப் பத்து நாளாகிறது, ஒருவனும் தட்டவில்லை. அடுத்த மூட்டை எவன் தலையில் விழுமோ என்று பயமாக இருக்கிறது. நீ இருந்தால் சிரிக்கவைத்தே பேச வைத்திருப்பாய். ஒரு வழி சொல்லப்பா.

உன்
இன்னாசி


தூத்துக்குடி
13-2-1971

மேஸ்திரி அவர்களுக்குத் திருமலையின் பெரிய சலாம்.

கடிதத்தைப் பவுனம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னாசி அண்ணனா மேஸ்திரி? அது எறும்பைக்கூட அதட்டாதே!" என்று ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

நான் உப்புக் கிடங்கில் காவல் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டாகிவிட்டது. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். நான்தான் விடவில்லை. மூன்று வருடம் முன்னால் அந்த விபத்தன்று, சைகை காட்ட நின்ற உன் கை மேலே போனதை நான் பார்த்தேன், வின்ச்சில் லோடைத் தூக்கினேன். விசாரணையில் நீ சைகை காட்டவில்லை என்றாய். நீ சொன்னால் சரிதான். அப்படியானால் தப்பு என் கண்ணில்தானே? பாதி கட்டிய மூட்டைகள் சரிந்து சவரிநாதன் காலை ஒடித்தது இன்னும் என் கண்முன்னே நிற்கிறது. அவன் இப்போது நன்றாக நடக்கிறானா?

வழி கேட்டாய். முதல் தட்டு நீ தட்டு. மேஸ்திரியே தட்டினால் மற்றவனுக்குத் தைரியம் வரும்.

திருமலை


ராயபுரம்
24-2-1971

திருமலை,

உன் கடிதத்தை எல்சியிடம்கூடக் காட்டவில்லை. நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

உன் கண்ணில் தப்பு இல்லை. என் கை மேலே போனது உண்மை. அன்று நம்ம மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொள்ள நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனேன். நீ அதைப் பார்த்துத் தூக்கினாய். விசாரணையில் "சைகை காட்டினாயா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றேன். கை போனதைச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன். உன் வின்ச் வேலையும் போய், நீ ஊரைவிட்டும் போனாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று பகல் மணி அடித்ததும் கொக்கியை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். வின்ச் நின்றது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். சவரிநாதன் காலை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்தான். அறைவான் என்றுதான் நினைத்தேன்.

"அடப் பாவி! அந்த மணிக்கு நானும் சிலுவை போட்டுகினுதான்டா நின்னேன். அதான் நகரல!"

கேங்கே சிரித்தது. நான் அழுதேன். பிறகு எத்திராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தான். ஆளுக்கொன்று வந்தது. பரசுராமனுக்கு இடது கண் மங்கலாம், இரண்டு வருடமாக மறைத்திருக்கிறான். கயிறு நைந்ததை அவன் பார்த்ததே பெரிய விஷயம்! தொங்கும் மூட்டைக்கு அடியில் நிற்காதபடி அவனைக் கப்பலின் மேல்தளத்துக்கு மாற்றிவிட்டோம்.

ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி வேலை போனால் போகட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிடு.

இன்னாசி


ராயபுரம்
22-3-1971

திருமலை,

நீ பதில் போடவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேறு தெருவில் திருப்புகிறார். நான் எழுதுவதை எழுதிவிடுகிறேன்.

உன் பேரில் இருந்த குற்றத்தை ஆபீசில் நீக்கிவிட்டார்கள். மறுபடி வின்ச்சுக்கு வரலாம், தாள் இத்துடன் இருக்கிறது. எனக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்டு, அது முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதோடு மேஸ்திரி வேலையையும் எடுத்துவிடத்தான் பார்த்தார்கள். கேங்கே போய் ஆபீஸ் வாசலில் நின்றதாம். "தப்பை ஒத்துகினவனை அனுப்பிட்டா, நாளைக்கு எவன் சார் வாயைத் தொறப்பான்?" என்று கேட்டவன் யார் தெரியுமா? பரசுராமன்!

இப்போது கொக்கிச் சத்தம் கேட்காத நாளே இல்லை. நேற்று எத்திராஜ் தட்டினான். ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் தாகமாம். அதற்கும் யாரும் திட்டவில்லை. கோயில் மணி அடித்தால் வின்ச் ஒரு நிமிஷம் நிற்கிறது. நாங்கள் செபம் சொல்கிறோம், மற்றவர்கள் பீடி பற்றவைக்கிறார்கள்.

வின்ச் ஆள் அடுத்த மாதம் வேறு கேங்குக்குப் போகிறான். அந்த இடத்துக்கு வேறு பெயர் கொடுக்க எனக்கு மனசில்லை.

இன்னாசி


தூத்துக்குடி
3-4-1971

இன்னாசி,

உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்று வருடம், பஸ் வருகிறது என்று என் கண் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுத்தான் ஏறினேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று கடற்கரையில் கண்ணாடியைக் கழற்றினேன். தூரத்தில் ஒரு தோணி வந்தது. அதன் பாயில் இருந்த ஒட்டுகளை எண்ணினேன். பதினொன்று. கரைக்கு வந்ததும் கிட்டப்போய் எண்ணினேன். பதினொன்றேதான்! பவுனம்மாளைக் கூப்பிட்டு மறுபடி எண்ணவைத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தோம்.

மூட்டை கட்டியாகிவிட்டது. பத்தாம் தேதி வருகிறோம். எல்சியை நெத்திலிக் குழம்பு வைக்கச் சொல். சவரிநாதனை நான் கட்டிப்பிடிக்க வேண்டும்.

நீ மேஸ்திரியாகவே இரு. ஆனால் முதல் லோடுக்கு நீதான் வந்து கை காட்ட வேண்டும். வேறு எவன் காட்டினாலும் வின்ச்சைத் தொடமாட்டேன்.

கண்ணாடி இல்லாமல் எழுதிய
திருமலை