நீ படித்துக் காட்டிய மூன்று பொங்கல் அட்டைகள்

என் பிரியமான மச்சான் ஞானத்துக்கு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன், நம்பு. காலையில் உட்கார்ந்தவன், வெயில் ஏறிய பிறகுதான் இந்த வரிக்கு வந்திருக்கிறேன். நீ இருந்தவரை எனக்கு வந்ததைப் படித்தாய், நான் சொன்னதை எழுதினாய். நீ கண்ணை மூடிய பிறகு வேறு ஆளைத் தேட மனசு வரவில்லை. உன் மகள் ஸ்டெல்லாவிடமே போய் அ, ஆ படித்தேன். எழுத்துக் கூட்ட வந்த அன்றைக்கு ஆரணி கடைத்தெருவில் ஒரு போர்டு விடாமல் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அந்தச் சந்தோஷத்தைத்தான் உனக்கு எழுத நினைத்திருந்தேன். ஆனால் சனிக்கிழமை ஒன்று நடந்துவிட்டது.

அரையாண்டு லீவில் ஸ்டெல்லா தெருப் பிள்ளைகளைக் கூட்டி உங்கள் வீட்டில் கதை எழுத வைக்கிறாள். ஆளுக்கு ஒரு பண்டிகைப் படம் கொடுப்பாள். படத்தில் இருப்பதை எழுதக் கூடாதாம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன ஆகும், அதைத்தான் எழுத வேண்டுமாம். எனக்கும் ஒரு தீபாவளிப் படம் கொடுத்தாள். விளக்கு ஐந்து, பூனை ஒன்று என்று எழுதி நீட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டிசைனில் இல்லாத ஒரு இழையை நாம் எந்தக் காலத்தில் தறியில் போட்டோம், நீயே சொல்.

படம் போதவில்லை, பழைய வாழ்த்து அட்டை இருந்தால் கொடுங்கள் என்றாள். என் மகன் முருகன் கோபித்துக்கொண்டு சூரத்துக்குப் போயிருந்தானே, அந்த மூன்று வருஷமும் பொங்கலுக்கு அனுப்பிய அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போனேன். தேவி என்று ஒன்பது வயசுப் பெண். மாட்டுப் படம் போட்டதை எடுத்தவள், திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இதுல அச்சடிச்ச வாழ்த்தும் பேரும்தான் கீது. மிச்ச எடத்துல நான் எழுதிக்கட்டா?"

வாங்கி எழுத்துக் கூட்டினேன். 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்.' கீழே பேனாவில், 'முருகன்.' மற்ற இரண்டிலும் அதே.

அப்படியென்றால் நீ எனக்கு அத்தனை நேரம் படித்துக் காட்டியது எதை? துளை போட்ட டிசைன் அட்டைகளிலிருந்து தறிச் சேலையில் மயில் இறங்குவதைப் பார்த்துப் பழகியவன் நான். அந்த இரண்டு வரிக்குள் அவ்வளவு சேதியும் அடங்கும் என்று நம்பிவிட்டேன். கரும்புப் படம் வந்தபோது, பையனுக்குப் பல்வலி, கரும்பு கடிக்க முடியலையாம் என்றாய். பானைப் படத்துக்கு, தானே சமைத்துச் சாப்பிடுகிறானாம் என்றாய். மாடு கொட்டகைக்குத் திரும்பும் படத்துக்கு நீ படித்தது எனக்கு எழுத்து எழுத்தாய் நினைவிருக்கிறது.

"அப்பா, மாடு கூட வூடு திரும்புது. நான் எந்த மூஞ்சிய வச்சிகினு திரும்பறது?"

அதைக் கேட்டுத்தான் என் மனசு இறங்கியது. வரச் சொல்லு என்று இரண்டே வார்த்தை சொன்னேன். நீ ஒரு கார்டு முழுக்க எழுதினாய். என்னடா இவ்வளவு என்றதற்கு, இடம் இருக்கு மச்சான், காலியா விடக் கூடாது என்றாய்.

சனிக்கிழமை அந்த மாட்டு அட்டையோடு நேராக வீட்டுக்குப் போனேன். முருகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அட்டையைக் காட்டினேன். அவன் இடது கையால் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"பேர் போடவே அப்போ கை வரலப்பா. திருடன்னீங்களே. அப்புறம் நீங்கதானே எழுதனீங்க, ஜரிகை தறிக்குழியிலயே கெடந்துச்சு, தப்பு என்னுதுன்னு. அந்தக் கார்டு இன்னும் என்கிட்ட கீது. அதப் பாத்துத்தான் ரயில் ஏறினேன்."

மச்சான், நான் அதைச் சொல்லவே இல்லையே. ஜரிகை நூல்கண்டைக் காணோம் என்று நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைத் திருடன் என்றேன். அவன் போன மறுவாரம் அது குழியில் என் காலில் தட்டுப்பட்டது. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அவன் திரும்பி வந்த பிறகும் வாய் திறக்கவில்லை. வந்துவிட்டானே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். அவனோ நான் மன்னிப்புக் கேட்டதாக நினைத்து இத்தனை வருஷம் எனக்குச் சோறு போடுகிறான்.

அவன் அதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன்மேல் கோபப்படுவதா? எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றினாயா, இல்லை எங்களுக்குள் இருந்ததைத்தான் படித்தாயா? ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "அப்பா காலண்டர் படத்தப் பாத்தே எங்களுக்குக் கதை சொல்லுவாரு மாமா. நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றது வேற என்ன?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாட்டு அட்டையை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று தேவியிடம் கேட்டேன். குடுத்துட்டு வாங்கறவங்களை நாய் கடிக்கும் என்று மிரட்டினாள். கரும்பையும் பானையையும் கொடுத்த பிறகுதான் விட்டாள்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பொங்கலுக்குள் அந்த அட்டையின் காலி இடத்தில் எழுதிவிடுவேன். தப்பு என்னுது, அன்றைக்கு அதைச் சொன்னது நான் இல்லை, ஞானம்தான் என்று எழுதுவேன். முருகன் கையில் நானே கொடுப்பேன். உன் எழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும். என்னுது கோணிக்கொண்டு போகும். இந்த முறை சொன்னது யார் என்று அவனுக்குச் சந்தேகமே வராது.

இனிமேல் தானே படித்துக்கொள்ளும்
உன் மச்சான்,
ஏகாம்பரம்