அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டை நான் வாசித்த விதம்

சமயநல்லூர்

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

தெருவில் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் காகிதம் முதலில் நம் வீட்டுக்கு வரும், டாக்டரிடம் பிறகுதான் போகும். சர்க்கரை குறைவா, நல்லது, கொழுப்பு குறைவா, நல்லது என்று சொல்லிச் சொல்லி எனக்கும் ஒரு வைத்தியர் களை வந்துவிட்டது. ஜூலையில் மூச்சு வாங்குகிறது என்று அம்மாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். மைட்ரல் வால்வு சுருக்கம் என்று ஒரு வரி, வால்வைத் தாண்டும் அழுத்த வித்தியாசம் குறைவு என்று இன்னொரு வரி. இரண்டாவது வரிதான் எனக்குப் பிடித்தது. டாக்டரிடம் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மாடிப்படியில் அவள் உட்கார்ந்தபோதெல்லாம், ரிப்போர்ட்டு நல்லாத்தானே இருக்கு, ஒனக்கு என்ன நோவு என்று கேலி வேறு. சரிங்க என்று எழுந்து நடந்தாள்.

போன வாரம் சிவபாண்டி வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி சந்தைக்குப் போன இடத்தில் அம்மா பூ மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். வால்வு ரொம்பவே சுருங்கியிருக்கு, அது வழியாப் போற ரத்தமே கம்மி, அதனாலதான் அழுத்தமும் கம்மியாக் காட்டுது, குழாய்ல தண்ணியே கொஞ்சமா வந்தா அடைப்பு எப்படித் தெரியும் என்றார். இம்புட்டு நாள் ஏன் காட்டலை என்றும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா, இவரு அப்பவே கூப்புட்டாரு, நான்தாம்மா நாத்து நடவு இருக்குன்னு வரலை என்றாள். நமக்கு வயல் ஏது? டாக்டரம்மா அவளைத் திட்டினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பலூன் வைத்து விரிப்பதா, ஆபரேஷனா என்று அடுத்த வாரம் சொல்வார்கள், அதுவரை மாத்திரையோடு வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதைச் செய்தாலும் மூச்சு பழையபடி திரும்பும் என்று உறுதி சொல்லவில்லை. நேற்று பக்கத்து வீட்டுக் கருப்பு சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டினான். எனக்குப் புரியாதுப்பா என்றேன். என்னண்ணே, கண்ணு மங்கிருச்சா என்றான். கட்டிலிலிருந்து உன் அம்மா, குடு கருப்பு, வாசிக்கட்டும், வெளக்கம் மட்டும் கேட்டுறாத என்றாள்.

முடிந்தால் லீவு போட்டு வா. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று இனி என்னிடம் கேட்காதே. படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று அவளிடமே கேள். இல்லை என்று சொன்னால் நம்பாதே, அவள் என்னைக் காப்பாற்றுகிறாள்.

இப்படிக்கு,
வாசிக்க மட்டும் தெரிந்த உன் அப்பா
பேச்சிமுத்து