பின்படியின் பூட்டு

பச்சைப் பெயிண்டின் வாடை இன்னும் என் கையில் இருக்கிறது. பாறசாலையில் நம் டியூஷன் மாடியின் பின்படியை இன்று திறந்துவைத்தார்கள். கதவுக்கு மேலே அம்புக்குறி போட்டு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியாகிவிட்டது. தமிழில் 'அவசர வழி' என்று எழுத சார் என்னைக் கூப்பிட்டார். "உனக்க எழுத்து அச்சடிச்ச மாதிரியாக்கும்" என்றார். பக்கத்தில் மாலை போட்ட உன் படம். இரண்டு எழுத்துக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

என்னவோ புதுப் படி கட்டியதுபோலப் பேசினார்கள். அந்த இரும்புப் படி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. வகுப்பு விட்டதும் நீ அதன் வழியாகத்தான் இறங்குவாய். நடுவில் நின்று அடுத்த பேட்ச் பையனிடம் கணக்கு நோட்டு வாங்குவாய், சிரிப்பாய். நான் கீழே உன் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு ஒழுக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். 'பின்படியில் மாணவ மாணவியர் நின்று பேசுகிறார்கள், கவனிக்கவும்' என்று ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமல் சாரின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் பின்கதவில் பூட்டு. "பொம்பளப் பிள்ளையளுக்குப் பேரு கெடக்கூடாது, எனக்கு அதாக்கும் பெரிசு" என்றார் சார். பெற்றோர்கள் அவரை மெச்சினார்கள்.

சாரின் மேசையில் அந்தத் தாளை நீ பார்த்துவிட்டாய். அமரவிளைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் என் காதருகே குனிந்தாய்.

"எட்டி, உனக்க எழுத்த எனக்குத் தெரியாதா? பெரிய போலீசுன்னு நெனப்பு!"

நான் அழுதுவிட்டேன். "சரி, மூக்கத் தொடச்சுக்க. எல்லாரும் பாக்குதாவ" என்றாய். மறுநாளும் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாய்.

முன்படியின் அடியில் மீட்டர் பெட்டி. அதைச் சுற்றிக் கீழ்க்கடையின் அட்டைப்பெட்டிகள். அங்கே தீப்பிடித்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு முன்படியில் பாய்ந்து இறங்கினேன். நீ பழைய பழக்கத்தில் பின்பக்கம் ஓடியிருக்கிறாய். சாவி சாரின் வீட்டில் இருந்தது. கதவை உடைத்தபோது நீ அதன்மேல் சாய்ந்து கிடந்தாய். தீ உன்னைத் தொடவே இல்லை. புகைதான்.

இன்று பேசியவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். பூட்டு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. பிரஷை வைத்துவிட்டு உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

விழாவுக்கு வராத உன் அம்மா முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"நீயாக்கும் எழுதினதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி."

"தெரிஞ்ச பொறவும் உனக்க பக்கத்துலயா இருந்தா?"

தலையாட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைப் பிடித்தார். "போ மக்கா. இனி இங்க வரண்டாம்."

அவர் கதவைச் சாத்தியது நியாயம்தான். ஆனால் நான் சுமப்பது அதை அல்ல. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாளுக்கும் தீப்பிடித்த நாளுக்கும் நடுவே ஒரு மாதம் இருந்தது. சாரிடம் போய், பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீதான் கோபப்படவில்லையே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.