ஓட்டர் ஓடையின் இரும்புப் பாலம்

மார்ச் 6, புதன்

கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் மாதக் கூட்டம். வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புக் குழு என்று பெயர்தான் பெரிது. வந்தவர்கள் மூன்றே பேர். பழைய கற்சிறையின் கூரை மறுபடி ஒழுகுகிறது. லூத்தரன் தேவாலயத்துச் சுவரில் நாங்கள் பதித்த பித்தளைப் பலகையை யாரோ திருகாணியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். வட்ட வடிவப் பழைய களஞ்சியத்தின் சொந்தக்காரர் அதன் சுவரில் விதைக் கம்பெனி விளம்பரம் எழுதலாமா என்று கேட்கிறார். கூடாது என்று சொல்லியாகிவிட்டது.

முடிகிற நேரத்தில் மாவட்டப் பொறியாளர் ஹோலி ஸ்டாங்கா படியிறங்கி வந்தார். வேறு எதற்கு, ஓட்டர் ஓடைப் பாலத்துக்காகத்தான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பள்ளிப் பேருந்து எதையும் அது தாங்காதாம். கார் போகலாம், அதற்கு மேல் கனமான வண்டி எதுவும் போகக் கூடாது. பிரித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்ட வேண்டுமாம். கட்டுவதற்கு வாஷிங்டனிலிருந்து மத்திய அரசின் பணம் வேண்டும். பாலமோ தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. அதனால் எங்களைக் கேட்காமல் அவர்கள் நகர முடியாது. போன வருஷம் முடியாது என்றேன். இன்றும் முடியாது என்றேன். 1891இல் கட்டியது. பலகை பாவிய பழைய இரும்புப் பாலங்களில் இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைப் பட்டியலில் ஏற்ற நான் மூன்று வருஷம் அலைந்திருக்கிறேன்.

ஹோலி வாதாடவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து லைலிடம் சொன்னேன். என் கணவன் எதற்கும் உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை. உருளைக்கிழங்கு நறுக்கி முடித்துவிட்டு, "அதான் ஜெயிச்சிட்டியே, அப்புறம் ஏன் நின்னுகிட்டே இருக்கே? உக்காரு மார்லிஸ்" என்றான்.

மார்ச் 10, ஞாயிறு

பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து பாலம் வரை நடந்தேன். அக்கரையில் வெர்னா கம்பளங்களை வேலியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே வருஷத்தில் கல்யாணமாகி ஓடைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் வந்து சேர்ந்தோம். எனக்கு இந்த மண்ணில் முதலில் கிடைத்த சிநேகிதி. கையசைத்தாள். நானும்.

மார்ச் 14, வியாழன்

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

காலையில் வெர்னாவின் கணவர் ரோலண்ட் டிராக்டர் கொட்டகையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வெர்னா ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு எனக்கும் போன் செய்தாள். இரண்டே வார்த்தை. காரை எடுத்துப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அவர் சிமெண்டுத் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, கண் மட்டும் எங்களைப் பார்த்தது. வெர்னா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் போர்வை கொண்டுவந்து போர்த்தினேன்.

சைரன் கேட்டது. ஊர்ப் பக்கமிருந்து, எங்கள் வீட்டு மேட்டிலிருந்து, பாலத்துக்கு நேர் எதிரே. "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று வெர்னா அவரிடம் சொன்னாள். பிறகு அந்தச் சத்தம் தள்ளிப் போக ஆரம்பித்தது. வடக்கே. தார்ச்சாலைக்கு. அவர்கள் சுற்றித்தானே வர வேண்டும்.

போகப் போகத் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ரோலண்டும்தான். அவர் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

வெர்னா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 15, வெள்ளி

உயிர் தப்பிவிட்டார். வலது பக்கம் அசையவில்லை. பேச்சு இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனோம். தாழ்வாரத்தில் வெர்னா தனியாக உட்கார்ந்திருந்தாள். லைல் அவள் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனான். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"உன் பாலம் எப்படியிருக்கு? நல்லாயிருக்கா?" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஒருவரை நலம் விசாரிப்பது போலவே கேட்டாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கார் நிறுத்துமிடத்தில் லைல் வரும்வரை வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

எதையும் முடிக்க முடியவில்லை. அலமாரியைக் காலி செய்து தரையில் பரப்பினேன், பாதியில் விட்டுவிட்டுக் கோழிக்கூட்டைக் கழுவப் போனேன், அதையும் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். எங்கே? எங்குமில்லை. பாலத்தைத் தாண்டினேன், வெர்னா வீட்டு வாசலில் திருப்பினேன், மறுபடி தாண்டினேன். பலகைகள் தடதடக்கிற சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். இன்று காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் லைல் தரையில் கிடந்த தட்டுகளைத் தாண்டித் தாண்டி நடந்தான்.

மார்ச் 26, செவ்வாய்

தீவனக் கடையில் டுவைட் ப்ரூஸைப் பிடித்தேன். அன்றைக்கு ஆம்புலன்சை ஓட்டியவர் அவர்தான். நேராகவே கேட்டேன் — பாலம் வழியாக வந்திருந்தால் ரோலண்ட் இன்று பேசியிருப்பாரா?

மூட்டையை வண்டியில் ஏற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "எனக்குத் தெரியாது மார்லிஸ். தெரியும்னு எவனாவது சொன்னா, அவனை நம்பாதே."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற யாரோ, "துருவுக்குக் காவல்காரி வந்திருக்கா" என்றார்கள். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னது. திரும்பிப் பார்க்கவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

ஹோலி புது யோசனையோடு வந்திருந்தார். பாலத்தை உடைக்க வேண்டாம். கிரேன் வைத்து முழுசாகத் தூக்கி, மாவட்டப் பூங்காவில் குளத்துக்குக் குறுக்கே வைக்கலாம். ஜனங்கள் நடந்து போகட்டும். ஆனால் இடம் மாறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதையும் மறைக்காமல் சொன்னார்.

எவரெட் லிண்ட்குவிஸ்ட் கொதித்துவிட்டார். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர், குழுவில் என்னோடு தொடக்கத்திலிருந்து இருப்பவர். "ஓடை இல்லாத எடத்துல பாலத்துக்கு என்ன வேலை? அது வெறும் அலங்காரம். இன்னிக்கு இதை விட்டீங்கன்னா நாளைக்குக் கற்சிறை, நாளன்னைக்கு களஞ்சியம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் கொண்டாருவாங்க. மனசு கலங்கியிருக்கிறப்ப முடிவெடுக்காதீங்க மார்லிஸ்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பிப்ரவரியில் நானே இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன். அதனால்தான் அவர் மேல் அவ்வளவு கோபம் வந்ததா? அவர் ஊரில் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும்.

முடிவைப் பொதுக்கூட்டம் வரை தள்ளிவைத்தேன். கோழைத்தனம்.

ஏப்ரல் 11, வியாழன்

இன்றும் பாலத்தடிக்குப் போனேன். நின்றேன். திரும்பினேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பொதுக்கூட்டம். சந்தைத் திடல் கூடம் நிரம்பிவிட்டது. கற்சிறைக்கு நிதி கேட்டபோது பத்துப் பேர்கூட வரவில்லை!

எவரெட் நன்றாகத்தான் பேசினார். கைதட்டலும் இருந்தது. பின்னால் ஒருவர் எழுந்து, எங்கள் குழுவையும் பட்டியலில் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

வெர்னா கடைசி வரிசையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளைப் பேசச் சொன்னார்கள். தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. சொன்னது ஏறக்குறைய இதுதான்: "அந்தப் பாலம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்பவும் பிடிக்கும். ஆம்புலன்ஸ் நேரா வந்திருந்தா என்னாயிருக்கும்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா சைரன் கிட்ட வந்துட்டு விலகிப் போறதை நான் கேட்டேன். இன்னொருத்தர் அதைத் தரையில படுத்துக்கிட்டுக் கேக்கணும்னு சொல்ல என்னால முடியல. எடுத்துடுங்க."

குழுவில் இரண்டுக்கு ஒன்று. எவரெட் எதிர்த்து வாக்களித்தார். வெளியே வந்து எனக்குக் கை கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாசலுக்குப் போவதற்குள் வெர்னா போய்விட்டாள்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துரோகம் செய்தது போலிருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் — இரும்புக்கு. சொன்னால் சிரிப்பார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் வேலை தொடங்கிவிட்டதாம். ஹோலி போனில் சொன்னார். சரி என்றேன். கார் கொட்டகையைப் பெருக்கினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ரோலண்ட் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவரைப் போய்ப் பார்ப்பதெல்லாம் லைல்தான், வாரத்தில் பாதி நாள் அவர்கள் பன்றிகளைக் கவனிக்க அக்கரைக்குப் போய்விடுகிறான். ரோலண்டுக்கு ஒன்றிரண்டு வார்த்தை வருகிறதாம். நேற்று லைல் கதவை இடித்துக்கொண்டபோது தெளிவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாராம். மூன்று பேரும் சிரித்தார்களாம்.

"நீயும் வரலாம்" என்றான்.

"அவ கூப்பிடலியே."

"அவளும் அதையேதான் சொல்றா, நீ வரலைன்னு."

அதற்குப் பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. இரண்டு முறை சாவியை எடுத்தேன். இரண்டு முறையும் கொக்கியில் மாட்டிவிட்டேன். இந்த வயதிலும் இப்படியா!

அக்டோபர் 30, புதன்

பாலத்தை மூடிவிட்டார்கள். இரண்டு கரையிலும் தடுப்பு. லைல் இனிமேல் சுற்றித்தான் போக வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

போகக் கூடாது என்று இருந்தேன். பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடைக்கு நடந்தேன்.

நல்ல குளிர், காற்று இல்லை. சங்கிலிகளை மாட்டி முடிக்கவே காலை முழுதும் ஆயிற்று. கிரேன் இழுத்தபோது பாலம் முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு முனகல். எழும்பிவிட்டது. அவ்வளவு கனமான பொருள் கொடியில் போட்ட துணி மாதிரி மெல்லத் திரும்பிற்று. அடியிலிருந்து குருவிக் கூடுகள் உதிர்ந்தன. ஹோலி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கவனித்தேன். லாரியில் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். ஓடைக்கு மேலே வெறும் வானம்.

அக்கரையில் வெர்னா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற காரில் ரோலண்ட். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கிரேன் மறைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு நடுவே தண்ணீர் மட்டும்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கையசைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சூப் அடுப்புல இருக்குடி" என்று கத்தினாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கத்தினாள். "சூப்! சுத்தித்தான் வரணும்!"

வீட்டுக்குப் போய் காரை எடுத்தேன். மேடேறி, வடக்கே தார்ச்சாலையைப் பிடித்து, ஆலைப் பக்கம் திரும்பி, மறுபடி மண்பாதையில் இறங்கி — இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுக்கு அந்த வழியாக நான் போனதே இல்லை. எவ்வளவு தூரம் அது. போகப் போக வந்துகொண்டே இருக்கிறது. அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பும்போது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.