உங்கள் ஆட்கள் என் வீட்டில்

வோபர்ன், ரொறன்ரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள யோகராணி மச்சாளுக்கு,

வன்கூவரில் மழையும் நீங்களும் நலம்தானே? இங்கு நாங்கள் நலம். அந்த 'நாங்கள்' என்பதில் என்னையும் சேர்த்து எழுத முடிவதுதான் பெரிய செய்தி. என் குடல் நோய் முழுதாகப் போய்விட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வென்றுவிட்டோம், மச்சாள்!

பல்லுக்குக் குடித்த அன்ரிபயோட்டிக் என் வயிற்றிலிருந்த நல்ல பக்டீரியாக்களையும் அழித்துவிட, கெட்ட கிருமி பெருகி, கழிப்பறையே கதி என்று கிடந்தவள் நான். இன்று காலை நடந்தே மாதா கோயில் பூசைக்குப் போய்வந்தேன். வந்ததும் பசித்தது. பசி இவ்வளவு நல்ல சாமான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

உங்கள் மலத்திலிருந்து பிரித்தெடுத்து என் குடலுக்குள் வைத்த நல்ல பக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லையாம். பித்தநீரை வேறொரு இரசாயனமாக மாற்றி, கெட்ட கிருமியைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றனவாம். கீரை, பருப்பிலுள்ள நார்ச்சத்தைத் தின்று ஒருவகை அமிலத்தை விட, அதைச் சாப்பிட்டுத்தான் குடல்சுவர் தேறுகிறதாம். நரம்பு வழியாக மூளைக்கும் சேதி போகுமாம். வாயே திறக்காமல் இவ்வளவு பேச்சு! உங்களுக்கு நேர்மாறு என்று உங்கள் தம்பி ராகுலன் சிரிக்கிறார்.

எனக்குப் பக்டீரியா தர அவருக்குச் செய்த பரிசோதனை சரிவராதபோது, "ஏன் யோசிக்கிறாய், என்னட்டை எடுக்கச் சொல்லு" என்று பிளேன் ஏறி வந்தீர்கள். ஆனால் யூனியன்வில்லில் சிநேகிதி வீட்டில் தங்கினீர்கள். என்னை வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனீர்கள். மாட்டிறைச்சி சமைக்கும் வேதக்காரி வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடியேன் என்று எங்கள் கலியாணத்தன்று சொன்னதை, எனக்கு உயிர் தர வந்தபோதும் நீங்கள் விடவில்லை. நோயைவிட அதுதான் எனக்கு நொந்தது.

நார்ச்சத்தை நிறுத்தக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆகவே குரக்கன் புட்டு, வல்லாரைச் சம்பல் என்று எனக்குள் குடியிருக்கும் உங்கள் ஆட்களுக்குப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறேன். மூன்று வேளையும் அவர்கள் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள். இனி நீங்கள் மட்டும் எப்படி மாட்டேன் என்பீர்கள்?

தைப்பொங்கலுக்கு வாருங்கள். இறைச்சி படாத புதுச் சட்டிபானை வாங்கி வைத்திருக்கிறேன். நல்லூர்க் கந்தனும் மடு மாதாவும் சேர்ந்து உங்களைக் காக்கட்டும். ஒரு வாய் தண்ணீராவது குடியுங்கள், மச்சாள்.

பசியோடு காத்திருக்கும்,
ஜூலி