அடுப்பை அணைத்தவள்

அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? துரினில் குளிர் விட்டதா? நான் நலம். இந்தத் தெற்கத்தி மலையூரில் பழைய தேவாலய மணிக்கூண்டின் விரிசல்களை அளக்கிறேன்.

வீட்டுக்காரி செராபினா நேற்று அப்பாவைப் பற்றி விசாரித்தாள். போன வாரம் இறந்துவிட்டார் என்றேன். இன்று மதியம் கோழிச் சாறும் ரொட்டியும் கொண்டுவந்தாள். எனக்கே சமைக்கத் தெரியும் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். அணைத்துவிட்டாள்.

“சாவு வீட்டுல அடுப்பெரிஞ்சா அக்கம்பக்கத்துக்குத்தான் அவமானம். இஞ்சினியருக்கு இதுகூடத் தெரியாதா?”

“இது சாவு வீடு இல்லையே.”

“நீ இருக்கியே. உக்காந்து சாப்புடு தம்பி.”

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, அழுகையும் வரவில்லை.

துக்கத்துக்குப் போட என் கறுப்புக் கோட்டை அனுப்பிவை. அடக்கம் முடிந்த மறுநாளே ரயிலேறிவிட்டேன். அங்கே உனக்கு யார் சமைத்துக் கொடுத்தார்கள்?

தபால் வண்டி வந்துவிட்டது. பதில் எழுது.

சவினோ