தகர டின்னில் பூத்த நீல லூபின்

1964 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். கொல்லையில் லூபின் செடிகள் பதினொன்று, பூத்தவை நான்கு. நான்கும் நீலம். அண்ணி, இந்தக் கணக்கை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக அந்த முறையை மாற்ற மாட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் இது வளராது என்று சொன்னவன் நான். கல்யாணமாகி வந்தபோது குன்னூரிலிருந்து ஒரு பாட்டில் விதை கொண்டுவந்தீர்கள்.

"எங்க ஊர்ல ரோட்டோரமே நிக்கும் தம்பி. கோபுரமாட்டம் அடுக்கடுக்காப் பூக்கும்."

"உங்க ஊர்ல வெயில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வரும். இங்க காவேரி மணல்ல கடலை வறுக்கலாம்."

"அப்ப வறுத்துத் தாங்க. எனக்கு விதைக்க இடம் வேணும்."

சும்மா இருக்க முடியவில்லை, நானும் இறங்கினேன். பாட்டிலில் இரண்டு ரகம் கலந்திருந்தது. பெரிய ரகம் பல வருஷம் நிற்கும், ஆனால் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும், திருச்சிக்கு உதவாது. குட்டை ரகம் ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடும். ஐப்பசி கடைசியில் போட்டால் தையில் பூ. நீங்கள் முறத்தில் கொட்டிக் குட்டையை மட்டும் பொறுக்கினீர்கள். தோல் கல் மாதிரி இருந்ததால் நான் அரத்தால் லேசாக உரசி ஊறவைத்தேன். வேர் ஆணி போல் இறங்கும், பிடுங்கி நட்டால் பிழைக்காது. ஆகவே வாசல்படி ஓரப் பாத்தியில் நேராகவே ஊன்றினோம். அதுவரை எல்லாம் சரி.

அதே மாதம்தான் கோலத்தில் மூக்கை நுழைத்தேன். அரிசி மாவுக்கு எறும்பு வருகிறது, எறும்பு செடியில் ஏறுகிறது என்று கடைக்குப் போய் வெள்ளைக்கல் பொடி வாங்கி வந்தேன்.

"எறும்புக்குச் சோறு போடத்தானே கோலமே? உங்க இன்ஜினியரிங்ல அது பட்டினி கிடக்கணுமா?" என்றீர்கள். சிரித்துக்கொண்டே அந்தப் பொடியில்தான் தினமும் போட்டீர்கள்.

மார்கழியில், முளைத்திருந்த ஒன்பது செடியும் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை. தொழிற்சாலையில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். குறை இல்லை. வந்து, அண்ணன் முன்னாலேயே சொன்னேன்: "தண்ணி சரி, விதை சரி. மிச்சம் இருக்கிறது நீங்கதான்."

"சரிங்க தம்பி. இனிமே நான் தொடலை."

தை முடிவதற்குள் ஒன்பதும் போயின. உங்கள் அம்மாவுக்கு எழுதிய போஸ்ட் கார்டைத் தபாலில் போட என்னிடம் கொடுத்தீர்கள். கடைசி வரி கண்ணில் பட்டது: 'எனக்குக் கைராசி இல்லேம்மா, செடி வரலை.' படித்தேன். பெட்டியில் போட்டேன். வேலைக்குப் போனேன்.

அடுத்த மார்கழியில் உங்களுக்கு மூன்றே நாள் காய்ச்சல். அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் துருப்பிடித்த தகர டின் ஒன்று. அதில் ஒரு லூபின், கரும்பச்சையாக, மொட்டோடு. யாரிடமும் சொல்லாமல் விதைத்திருக்கிறீர்கள். நானும் பார்க்காதபடி வைத்திருக்கிறீர்கள்.

அதே விதை, அதே கிணற்றுத் தண்ணீர், அதே கை. வேறுபட்டது இடம் மட்டும். மறுநாள் வேலை செய்யும் இடத்திலிருந்து கொஞ்சம் அமிலம் கொண்டுவந்து வாசல் பாத்தி மண்ணில் ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. தகர டின் மண்ணில் விட்டேன், சத்தமே இல்லை. தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது முந்தின நாள் கோலம் கரைந்து அந்தப் பாத்திக்குள்தான் ஓடியது. நான் வாங்கிக் கொடுத்தது சுண்ணாம்புக்கல் பொடி. லூபினுக்குச் சுண்ணாம்பு ஆகாது. கொதிகலனுக்குள் சுண்ணாம்பு படியாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த வாசற்படியைப் பார்க்கவில்லை.

உங்கள் டின் செடியின் விதைதான் இந்தப் பதினொன்றும். எல்லாம் டின்னில், எல்லாம் கொல்லையில். மீதி ஏழும் பூக்கும், சந்தேகமில்லை. அன்றைக்கு அண்ணன் முன்னால் சொன்னதைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதற்கு அமிலச் சோதனை தேவையில்லை. இனிச் செய்யப்போவது:

1. வாசலில் இன்றிலிருந்து அரிசி மாவு. எனக்குக் கோலம் வராது. நாலு புள்ளி வைப்பேன். எறும்பு வரட்டும்.

2. அண்ணன் ஆபீஸ் கிளம்புவதற்குள், பொடி வாங்கியது யார், செடி செத்தது எதனால் என்று சொல்லிவிடுவேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டது போதும்.

3. காய் பழுப்பானதும், வெடிப்பதற்கு முன் பறித்துக் காயவைப்பேன். உங்கள் டின்னில் பூத்த அதே நீலம் மட்டும்.

4. பங்குனியில் லீவு போட்டுக் குன்னூர் போவேன். அந்த போஸ்ட் கார்டு உங்கள் அம்மாவிடம் இன்னும் இருக்கும். விதையை அவர் கையில் கொடுத்து, 'இது உங்க மகள் கையால முளைச்ச செடியோட விதை' என்பேன்.

5. அவர் திட்டினால் நின்று கேட்பேன்.